படம் இருக்க வேண்டிய இடத்தில்

அந்தக் கணினியில் ஒரு குறையும் இருக்கவில்லை, தம்பி. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு விசைகள் அழுத்தினால் உள்ளே போய் மேலே வர மறுக்கும். நகத்தால் கிளப்பிவிட வேண்டும். மற்றபடி அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. நானும் அப்படித்தான்.

என் பெயர் வீரகத்தி. பூவரசங்குளத்தில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. என்னை நம்புகிறவர்களும் இல்லை. குளம் வற்றிய வருடம் ஒரு முதலை மன்னார் வீதியில் பஸ்ஸை மறித்து ஏறியதையும், இருக்க இடமில்லை என்று கோபித்துக்கொண்டு அடுத்த தரிப்பில் இறங்கிப்போனதையும் நேரில் கண்டவன் நான். என் மாமனார் வளவில் காய்த்த பலாப்பழத்துக்குள் ஒரு குடும்பம் மழைக்கு ஒதுங்கியிருந்தது. இப்படியானவற்றை நான் சிரிக்காமல் சொல்வேன். சொல்பவன் சிரித்தால் அது பொய்யாகிவிடும்.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு சரீப் ஊருக்கு வந்தார். முல்லைத்தீவில் கடை வைத்திருந்தவர். அங்கிருந்து புத்தளத்துக்குப் போய் அகதி முகாமில் இருந்து, திரும்பி வரும்போது பாதி வழியில் எங்கள் சந்தியிலேயே தங்கிவிட்டார். ஒரு பக்கம் மளிகை, மறுபக்கம் தொலைபேசி. பலகையில் ‘கொமினிக்கேசன்’ என்று போட்டிருந்தார். மகள் றிஸ்மியா கணினி படித்த பிள்ளை. கடையில் ஒரு பழைய கணினியை வைத்து மின்னஞ்சல் வரப் பண்ணினது அவள்தான். எங்கள் தொலைபேசி இணைப்பில் ஒரு குரல் போய்த் திரும்புவதற்கே மூச்சு வாங்கும். அதனால் எழுத்தை மட்டும் காட்டுகிற ஒரு நிரலைப் போட்டாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றும் இல்லை. கண்ணுக்கு நல்லது.

பிறகு அவள் கலியாணம் முடித்துப் போனாள். தபால் கந்தோரில் தந்தி அடித்தவன் என்பதால் சரீப் என்னைக் கணினிக்கு முன் இருந்த கதிரையில் இருத்தினார். வெளிநாட்டுப் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவார்கள். நான் அதை வாசித்துச் சொல்வேன். பெற்றவர்கள் சொல்லும் பதிலைத் தட்டி அனுப்புவேன். அப்போது ஒரு புதுமையைக் கண்டேன். என் வாயிலிருந்து வரும் ஒன்றையும் நம்பாத ஊர், திரையைப் பார்த்து நான் சொன்னால் எல்லாவற்றையும் நம்பியது. கணினி பொய் சொல்லாதாம். அது உண்மை. சொல்லாது.

எல்லா அஞ்சலும் ஒரே மாதிரி வராது, தம்பி. சில வெறும் எழுத்து. சில எச்.டி.எம்.எல் என்ற சோடனையோடு வரும்: பூக்கரை, நிறத் தாள், பெரிய எழுத்து, நடுவே படம். எங்கள் நிரலில் அந்தச் சோடனை தெரியாது. சோடனை செய்யச் சொல்லும் குறிகள்தான் கோணல் அடைப்புக்களுக்குள் தெரியும், கலியாணப் பந்தலுக்குப் பதிலாக மூங்கில் வெட்டிய கணக்கைக் கையில் தந்த மாதிரி. தாள் மஞ்சள் என்றால் மஞ்சள் என்று ஒரு சொல் இருக்கும். படம் என்றால் அதன் அகலமும் உயரமும் இருக்கும். படத்தைக் காண முடியாதவர்களுக்காக அது என்ன படம் என்று ஒரு வரி எழுதவும் அந்தக் குறிக்குள் இடம் விட்டிருப்பார்கள். அனுப்புகிறவர்கள் யாரும் அதை நிரப்புவதில்லை. மேற்கோள் குறி திறந்து, ஒன்றுமில்லாமல், மூடும்.

வெறுமையாக இருந்த இடத்தை நான் நிரப்பினேன். என்னில் குற்றம் என்று ஒன்று இருந்தால் அது இங்கே தொடங்குகிறது. நல்ல மனிதர்கள் எதிரே இருந்து, “படத்தில என்ன கிடக்கு?” என்று கேட்கும்போது, “ஒரு சோடி மேற்கோள் குறி” என்று எப்படிச் சொல்வது?

அப்புத்துரையின் மகன் கனடாவிலிருந்து அனுப்பிய முதல் படத்தில் ஒரு குதிரையை நிறுத்தினேன். அப்புத்துரை அந்தக் கிழமை முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பிறகு மகன் தொலைபேசியில் வந்தபோது, அந்தக் குளிருக்குள் குதிரைக்கு என்ன தீனி போடுகிறாய் என்று கேட்டுவிட்டார்.

“வீரகத்தி, குதிரை இல்லையாமே?” என்று வந்து நின்றார்.

“வித்துப்போட்டானாக்கும். பிள்ளையை ஏசாதையுங்கோ.”

சரீப் தராசுக்குப் பின்னால் நின்று தலையில் கைவைத்தார். “அண்ணை, பொய்க்கு வரி போட்டா உங்கட வரியிலயே வவுனியா வரைக்கும் தார் ஊத்தலாம்.” எல்லோரும் சிரித்தோம். அப்புத்துரையும் சிரித்தார். ஒருவருக்கும் ஒரு சேதமும் இல்லை.

மீனம்மாவைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். வருகிறேன்.

மீனம்மா மலையகத்து மனுசி. கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்து, எங்கள் பக்கம் காடு வெட்டிக் காணியாக்கிய குடும்பம். கணவர் இல்லை. கச்சான் கடலை பயிரிட்டு, ஒரே மகள் அனோஜாவை வளர்த்தார். பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் கிணறு இடிந்து, கச்சானும் இரண்டு போகம் தவறிப்போக, ஏஜென்சிக்காரன் ஒருவன் வழியாக அரபு நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போனாள்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அங்குள்ள ஏஜென்சி அலுவலகத்துக்கு வேலைக்காரப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்களாம். தமிழ் தெரிந்த ஒருவன் அவர்களுடைய அஞ்சலைத் தட்டி, சுவரோடு நிறுத்தி ஒரு படம் எடுத்து, பூக்கரை போட்டு அனுப்புவான். சொற்கள் எல்லா மாதமும் ஒன்றுதான். நான் சுகம். சாப்பாடு நல்லது. வீட்டுக்கார அம்மா தங்கமானவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவன் அதையே தட்டியிருப்பான் என்று நினைக்கிறேன். கடைசி வரி மட்டும் அவளுடையது: அம்மா, படத்த நல்லா பாரு.

முதல் அஞ்சலை மீனம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“ஐயா, படத்துல புள்ள எப்புடிங்க இருக்கு?”

தாளின் நிறம் மஞ்சள் என்று குறி சொன்னது. ஆகவே பிள்ளைக்கு ஒரு மஞ்சள் சட்டை போட்டேன். படத்தின் உயரம் அகலத்தைவிடக் கூட. ஆகவே பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்றேன். பாருங்கள், ஆதாரம் இல்லாமல் நான் ஒன்றும் சொல்வதில்லை.

“அந்தப் பச்சை வளையலு எந்தக் கையில போட்டிருக்குங்க?”

அதற்கு மட்டும் குறிகளில் ஒன்றும் இருக்கவில்லை. ஏன் அந்தக் கையைச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எதிரே இருந்தவரின் வலக்கை மடியில் முந்தானைக்குள் இருந்தது; இடக்கை வெளியே தெரிந்தது. அதுதான் காரணமாக இருக்கும்.

“இடக்கையில, மீனம்மா. பச்சைக் கண்ணாடிக் காப்பு. நல்ல வடிவு.”

அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் வாழ்நாளில் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன். முதலைக்கும் பலாப்பழத்துக்கும் அப்படி ஒரு முகம் எனக்குக் கிடைத்ததில்லை.

பதில் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார், நான் தட்டினேன்: புள்ள, படத்தப் பாத்தேன். வளையலயும் பாத்தேன். மனசு நெறஞ்சு போச்சு. நீ அங்கயே இருந்து ஒழுங்கா வேலை செய்யி.

அப்படியே மாதங்கள் போயின. வெள்ளிக்கிழமை மத்தியானம் மீனம்மா தலைக்குக் குளித்துவிட்டு, அவித்த கச்சான் ஒரு பையில் கொண்டு வருவார். சரீப் தேத்தண்ணி கொடுப்பார். நான் வாசிப்பேன். பிள்ளையை நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடிக்க வைத்தேன். ஒரு மாதம் கடற்கரையில் நிறுத்தினேன். இன்னொரு மாதம் வீட்டுக்காரரின் குழந்தையை இடுப்பில் கொடுத்தேன்; குழந்தை அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. “சேட்டக்காரப் பயல்,” என்று மீனம்மா சிரித்தார். அடுத்த மாதமும் அவனை விசாரித்தார். பல் முளைக்கவைத்தேன். எது மாறினாலும் கடைசியில் அதே கேள்வி, அதே பதில். இடது.

போன வருடம் ஒரு நாள், சரீப் ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரம், மீனம்மா குரலைத் தணித்தார்.

“ஐயா, ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். நான் ஏன் வளையலக் கேக்குறேன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல?”

“வடிவுக்குத்தானே?”

“இல்லீங்க. எழுத்துல கஷ்டம்னு சொன்னா அந்த ஆளு அனுப்ப மாட்டான்ல. அதுக்காகப் பஸ் ஏறுறப்ப புள்ள சொல்லிட்டுப் போச்சு. நல்லா இருந்தா இடக்கை. கஷ்டம்னா வலக்கைக்கு மாத்திப் போட்டுக்கிறேம்மா, நீ படத்தப் பாத்துக்கன்னு.”

“வலக்கையில கிடந்தா?”

“காணிய வித்துப்புட்டு கூட்டிக்கிட்டு வந்துருவேன். ஊருல ஒருத்தர் காணியக் கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் மாட்டேன்னுட்டேன். ஒங்க வாயால இடக்கைன்னு கேட்டுத்தான் நான் தூங்குறேன், ஐயா.”

கச்சான் கோதுகளைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு போனார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கோள் குறி திறந்து, ஒன்றுமில்லாமல், மூடியது.

அடுத்த திங்கள் வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். பட்டணத்துக் கணினிக் கடையில் நிறத்தோடு எல்லாம் தெரியும். அஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. நான் நல்ல மனதோடுதான் போனேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடது என்று கண்ணால் கண்டுவிட்டால் அதன் பிறகு நான் சொல்வது மெய்யாகிவிடும்.

படம் அங்கேயும் மெதுவாகத்தான் வரும், தம்பி, மேலிருந்து கீழே, ஒவ்வொரு கீறாக. முதல் படத்தில் தலைமயிர் வந்தது, நெற்றி வந்தது, சாம்பல் நிறச் சட்டை வந்தது. மஞ்சள் இல்லை. கைகள் இரண்டும் கீழே தொங்கியபடி, கடைசியாக வந்தன. காப்பு வலக்கையில் இருந்தது.

கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறியிருக்கக்கூடும் என்று நினைத்தேன். பின்சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. எண்கள் நேராகத்தான் இருந்தன.

இரண்டாம் படத்தில் வலக்கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். பிறகு நெஞ்சில். பிறகு தோளில். படத்துக்குப் படம் அந்தக் கை மேலே ஏறிக்கொண்டு போனது. ஒவ்வொரு படத்திலும் காப்பு முந்திக்கொண்டு வந்தது. மணிக்கட்டில் ஒரு துணி சுற்றியிருந்ததையும், முகம் எலும்பாகிக்கொண்டு போனதையும் அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஆகப் பிந்திய படத்தில் காப்பு நெற்றியோடு இருந்தது, வெயிலுக்குக் கைமறைக்கிறவள் மாதிரி. அது அறைக்குள் எடுத்த படம்.

பிள்ளை பாவம், அம்மாவின் கண் மங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். அப்படித்தான் நான் எனக்குச் சொன்னேன். ஆனால் மீனம்மாவின் பதில்கள் அவளுக்குப் போய்க்கொண்டிருந்தன. வளையலயும் பாத்தேன். மனசு நெறஞ்சு போச்சு. நீ அங்கயே இரு. நான்தான் தட்டினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கியபோது மீனம்மா சந்தியில் நின்றார். நான் பட்டணம் போனதை சரீப் சொல்லியிருந்தார். சரீப்பும் கடை வாசலுக்கு வந்தார்.

“என்னண்ணை, கலர்ப் படம் கண்டியளோ? பிள்ளை எப்படி?”

மீனம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லத்தான் வந்தேன், தம்பி. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அதற்கு முன் சொன்ன எல்லாம் விழுந்துவிடும். மஞ்சள் சட்டை விழும். கடற்கரை விழும். பல் முளைத்த குழந்தை விழும். அந்தக் குழந்தைக்கு மீனம்மா ஒரு வெள்ளி அரைஞாண்கொடி வாங்கி வைத்திருந்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கதிரைக்கு எதிரே யார் வந்து இருப்பார்கள்?

“இடக்கையிலதான்,” என்றேன். “நான் வாசிச்ச மாதிரியேதான்.”

மீனம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். நான் யோசிக்காமல் செய்யவில்லை. காணி போயிருந்தால் அந்த மனுசி தெருவில் நின்றிருக்கும். மகள் வந்திருந்தாலும் இரண்டு பேரும் தெருவில். நான் காணியைக் காப்பாற்றினேன். அது இன்றைக்கும் மீனம்மாவின் பேரில் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம், கச்சான் பூத்திருக்கிறது. பிள்ளையையும் நான் அப்படியே விட்டுவிடவில்லை. மாதம் தவறாமல் வவுனியாவுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்துதான் மீனம்மாவுக்கு வாசித்தேன். பாதை மறுபடி கெட்டு, சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றிய காலத்திலும் போனேன். வேறு யார் அப்படிப் போவார்கள்?

சித்திரையில் வந்த படம் வேறு மாதிரி இருந்தது. கைகள் மறுபடி கீழே தொங்கின. இரண்டிலும் ஒன்றும் இல்லை. முகம் நேராகப் பார்த்தது. அம்மா, படத்த நல்லா பாரு என்ற வரியும் அந்த முறை இல்லை. அது தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

“ரெண்டு கையிலும் காப்பு, மீனம்மா,” என்றேன்.

“ரெண்டுலயுமா? அப்புடின்னா என்னங்க? நாங்க பேசிக்கலையே.” யோசித்தார். பிறகு முகம் முழுக்க விரிந்தது. “வரப்போகுதுங்க. அதான். புள்ள வரப்போகுது.”

வீட்டுக்குப் போய்ச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். மகள் வந்தது வைகாசியில், பெட்டியில். மாடியில் துணி காயப்போடும்போது தவறி விழுந்தாள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அழைப்பை எடுத்தது சரீப். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னதால் கைகளை யாரும் பார்க்கவில்லை. அவளுடைய பையில் உடுப்புக்களுக்கு அடியில் பச்சைக் காப்பு, உடையாமல், ஒரு கால் சொக்சுக்குள் இருந்தது.

அதை மீனம்மா இப்போது தன் இடக்கையில் போட்டிருக்கிறார். அவருடைய கை பெரிது. எப்படி ஏற்றினார் என்று தெரியவில்லை. செத்தவீட்டில் எல்லோருக்கும் சொன்னார்: “புள்ள கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஐயா கண்ணால பாத்தாரு.”

முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் படம் ஒன்று சட்டம் போட வேண்டுமென்று சரீப் பட்டணத்துக்குப் போனார். கடவுச்சொல்லை நான் கொடுக்கவில்லை; றிஸ்மியாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். திரும்பி வந்தவர் கடையைத் திறக்காமல் படியில் இருந்தார்.

“முதலைக் கதைக்குச் சிரிச்சம், அண்ணை. குதிரைக் கதைக்கும் சிரிச்சம். இது என்ன கதை அண்ணை?”

அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறவர்களோடு கதைப்பது எனக்கு வராது. மீனம்மாவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாய் வரவில்லையாம். பொலிசுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதெல்லாம் சரி. காப்பு வலக்கையில் இருந்தது. நான் கண்டேன். கண்டபிறகும் மாதாமாதம் இடது என்றேன், அம்மா பார்த்துவிட்டாள் என்று மகளுக்கும் தட்டி அனுப்பினேன். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும், தம்பி. மீனம்மா இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். புது அஞ்சல் இல்லை. பழையவற்றை முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். நாளைக்கு வெள்ளி. குளித்துவிட்டு, கச்சானும் கொண்டு வருவார். நான் இங்கே இருக்க வேண்டுமென்றால் இருக்கிறேன். அந்தக் கதிரையில் வேறு யாரையாவது இருத்துங்கள். ஆனால் இருத்துகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கடைசியில் காப்பைப் பற்றிக் கேட்பார். இடது. விஷயம் தெரியாதவர்கள் பிழையாகச் சொல்லிவிடுவார்கள்.